பேங்க் செக்கும் செஸ் செக்கும் ஒரே சொல்லா?

நீங்கள் கேட்டது இது: செஸ் ஆட்டத்தில் ராஜாவுக்கு வைக்கும் செக், பேங்கில் கொடுக்கும் செக், செக்டு சட்டை, செக்போஸ்ட், "செக் பண்ணிட்டுச் சொல்றேன்" என்கிற செக், இவையெல்லாம் ஒரே ஆங்கிலச் சொல்லா? இல்லை, தற்செயலாக ஒரே ஒலியில் வந்து நிற்கும் வேறு வேறு சொற்களா? கூடவே, பேங்க் செக் என்பது அரபியில் உள்ள 'சக்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்று ஒரு வீடியோவில் சொன்னார்களாம், அது உண்மையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அலுவலகக் கடிதத்தில் எந்த ஸ்பெல்லிங் எழுதுவது என்பது மூன்றாவது. மூன்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: பொருளும் எழுத்தும் இவ்வளவு விலகி நிற்கும்போது, இது ஒரே சொல் என்று எதை வைத்துச் சொல்வது?

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அடுக்கிய ஐந்தும் ஒரே சொல்தான். அரபி 'சக்' கதையை நான் ஏற்கவில்லை. ஆனால் அதில் பாதி உண்மை இருப்பதால் முழுக் கட்டுக்கதை என்று ஒதுக்கவும் மாட்டேன். அதைக் கீழே பார்ப்போம். நான் மொழியியல் படித்துவிட்டு ஆங்கிலம்–தமிழ் அகராதி வேலையில் பல வருடம் உட்கார்ந்தவன். அந்த வேலையில் அடிக்கடி வரும் சண்டையே இதுதான். ஒரே எழுத்தில் உள்ள சொல்லுக்கு ஒரு பதிவு போடுவதா, ஒன்று, இரண்டு என்று எண் கொடுத்துப் பிரிப்பதா? எழுத்தைப் பார்த்தும் முடிவு செய்ய முடியாது, பொருளைப் பார்த்தும் முடியாது. கிரிக்கெட் பேட்டும் வௌவாலைக் குறிக்கும் பேட்டும் எழுத்தில் ஒன்று. ஆனால் வௌவால் இடைக்கால ஆங்கிலத்தில் 'பக்கெ' என்று இருந்த வேறு சொல். அங்கே இரண்டு பதிவு போட வேண்டும். செக் விஷயத்தில் நேர்மாறு: எழுத்தும் பொருளும் பிரிந்து போயிருக்கின்றன, வேர் பிரியவில்லை. எந்த நூற்றாண்டில் எந்தப் பொருளில் எழுதினார்கள் என்று ஆவணங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் இது தெரியும்.

தமிழில் பேசும்போது மட்டும் இதில் குழப்பமே வருவதில்லை, கவனித்தீர்களா? செக் வைத்தான், செக் பண்ணினான், செக் கொடுத்தான், செக் திரும்பி வந்துவிட்டது. கூட வரும் வினையே எந்தச் செக் என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது. தொல்காப்பியம் சொல்லதிகாரம் இந்த வகைக்கு 'வினைவேறு படூஉம் பலபொருள் ஒருசொல்' என்று பெயரே வைத்திருக்கிறது. மா பூத்தது என்றால் மரம், மா ஓடிற்று என்றால் விலங்கு என்பது போல. 'எதிரணிக்கு செக்' என்று பேப்பரில் தலைப்பு வந்தால் யாரும் காசோலை அனுப்பியதாக நினைப்பதில்லை. (சில சமயம் நினைத்தாலும் தப்பில்லை என்பது வேறு விஷயம்.)

சரி, மூலத்துக்கு வருவோம். எல்லாவற்றுக்கும் தொடக்கம், பாரசீகத்தில் அரசனைக் குறிக்கும் 'ஷா'. ஷாஜகானில் உள்ள ஷா, பாதுஷாவில் உள்ள ஷா. அரசரைச் சொல்கிறேன், இனிப்பை அல்ல. தேர், யானை, குதிரை, காலாள் என்ற நால்வகைப் படையின் பெயரால் இந்தியாவில் சதுரங்கம் என்று இருந்த ஆட்டம் பாரசீகத்தில் 'சத்ரங்' ஆகி, அரபியில் 'ஷத்ரஞ்ச்' ஆனது. எதிராளியின் ராஜா தாக்குதலில் மாட்டும்படி காயை நகர்த்தினால் 'ஷா!' என்று குரல் கொடுப்பது அந்த ஆட்டக்காரர்களின் வழக்கம். உன் ராஜாவைப் பார்த்துக்கொள் என்ற எச்சரிக்கை. ஆட்டம் ஐரோப்பாவுக்குப் போனபோது ஸ்பெயினும் போர்ச்சுகலும் ஆட்டத்தின் பெயரையே எடுத்துக்கொண்டன; ஸ்பானிய 'அஹெத்ரெஸ்' அரபி 'அல்-ஷத்ரஞ்ச்' தான், அதாவது நம்முடைய சதுரங்கம். மற்ற பல நாட்டுக்காரர்களின் காதில் நின்றது அந்தக் குரல். ஜெர்மன் 'ஷாக்', இத்தாலிய 'ஸ்காக்கி', ரஷ்ய 'ஷாக்மத்தி' எல்லாம் ராஜாவின் பெயரால் வந்தவை.

இந்த ஷாவை இன்னும் பின்னால் கொண்டுபோகலாம். கி.மு. ஆறாம் நூற்றாண்டின் கடைசியில் பாரசீக மன்னன் டேரியஸ் பெகிஸ்துன் மலைப்பாறையில் வெட்டுவித்த கல்வெட்டில் தன்னை 'க்ஷாயதிய' என்று சொல்லிக்கொள்கிறான். பழைய பாரசீகத்தில் அரசன் என்று பொருள். அது தேய்ந்ததுதான் ஷா. ஆளுதல் என்ற பொருளுள்ள அதே வேரிலிருந்து வடமொழியில் 'க்ஷத்ர' வருகிறது, அதிலிருந்து 'க்ஷத்ரிய'. ஆக, பேங்க் செக்குக்கும் சத்திரியனுக்கும் தூரத்துச் சொந்தம் உண்டு. இதைக் கேட்டால் வாட்ஸப்பில் சுற்றும் கதை மாதிரி இருக்கும். ஆனால் ஒலி மாற்றங்கள் படிப்படியாகத் தெரியக்கூடிய, ஆய்வாளர்கள் இன்று சண்டை போடாத பகுதி இது.

'ஷா' எப்படிச் 'செக்' ஆனது என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். இலத்தீனில் 'ஷ' ஒலி கிடையாது, அதனால் 'ஸ்க' போட்டுக்கொண்டார்கள். பாரசீகச் சொல்லின் கடைசியில் மூச்சாக வரும் 'ஹ்' அவர்கள் வாயில் 'க்' ஆனது. இடைக்கால இலத்தீனில் 'ஸ்காக்குஸ்' கிடைத்துவிட்டது. அது பழைய பிரெஞ்சுக்குள் போனபோது இரண்டு பழக்கங்கள் குறுக்கே வந்தன. 'ஸ்' என்ற ஒலியோடு இன்னொரு மெய் ஒட்டிக்கொண்டு ஒரு சொல் தொடங்கினால், முன்னால் ஓர் 'எ' சேர்க்காமல் பிரெஞ்சுக்காரர்களால் சொல்ல முடியாது. நம் ஊரில் ஸ்கூல் 'இஸ்கூல்' ஆவதும் இதே காரணத்தால்தான். இலத்தீன் 'ஸ்கோலா' பிரெஞ்சில் 'எஸ்கோல்' ஆகி, பிறகு 'ஸ்' போய் இன்று 'எகோல்' என்று நிற்கிறது. இரண்டாவது, இலத்தீன் 'க' பல இடங்களில் பிரெஞ்சில் 'ச' ஆகும். இரண்டும் சேர்ந்தால் 'எஸ்செக்'. 1066இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு அங்கே அரசவை மொழியானது. ஆங்கிலேயர் வாயில் முன்னால் இருந்த 'எஸ்' உதிர்ந்தது. 1300 வாக்கில் ஆங்கிலத்தில் 'செக்' வந்துவிட்டது. அதே பிரெஞ்சுச் சொல்லின் பன்மையான 'எஸ்செஸ்' என்பதிலிருந்துதான் ஆட்டத்தின் பெயரான 'செஸ்' வந்தது. செக் ஒருமை, செஸ் பன்மை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதுவரை சொன்னது உறுதியான பகுதி. செக்மேட்டில் உள்ள 'மேட்' அப்படி இல்லை. 'ஷா மாத்' என்றால் 'ராஜா செத்தான்' என்று பல புத்தகங்களில் இருக்கும். அரபியில் 'மாத்த' என்றால் இறந்தான் என்பது சரிதான். ஆனால் பாரசீகத்தில் 'மாத்' என்றால் திகைத்துப் போன, போக வழி இல்லாத என்று பொருள். சதுரங்கத்தில் ராஜாவை வெட்டுவதே இல்லை. நகர இடமில்லாமல் நிறுத்துவதோடு ஆட்டம் முடிந்துவிடும். ஆட்டத்தின் விதியோடு பொருந்துவது பாரசீகப் பொருள்தான். அரபிக்காரர்கள் அந்தச் சொல்லைக் கேட்டுத் தங்கள் மொழியின் 'இறந்தான்' என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்பது என் சாய்வு. என் பாரசீகம் அகராதியை வைத்துக்கொண்டு படிக்கும் அளவுதான், அதனால் இதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பெயின்ட் கடையிலும் லிப்ஸ்டிக்கிலும் சொல்லும் 'மேட் ஃபினிஷ்' கூட இந்த 'மாத்' வழியாக வந்தது என்போர் உண்டு. இலத்தீனில் வேறொரு மூலம் காட்டுவோரும் உண்டு. அதை அங்கேயே விட்டுவிடுகிறேன்.

இனி கதை இரண்டு கிளையாகப் பிரிகிறது. ஒன்று ராஜாவைத் தாக்கும் செயலிலிருந்து கிளம்புவது. மற்றது பலகையிலிருந்து. இரண்டையும் பிரித்து வைத்துக்கொள்ளாததால்தான் பேங்க் செக்கைப் பற்றி இத்தனை தப்புக் கதைகள் வருகின்றன.

பலகைக் கிளையை முதலில் பார்ப்போம், எனக்கு மிகப் பிடித்தது அதுதான். செஸ் பலகைக்கு இடைக்கால இலத்தீனில் 'ஸ்காக்காரியம்', பழைய பிரெஞ்சில் 'எஸ்செக்கியே'. அதே பெயர் இங்கிலாந்து அரசின் கருவூலத்துக்கும் வந்தது: எக்ஸ்செக்கர். பிரிட்டனின் நிதியமைச்சரை இன்றும் 'சான்ஸ்லர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்' என்றுதான் அழைக்கிறார்கள். ஏன் கருவூலத்துக்குச் சதுரங்கப் பலகையின் பெயர்? இதற்கு நாம் ஊகம் பண்ண வேண்டியதில்லை. அந்த அலுவலகத்தின் பொருளாளராகவே இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் என்பவர் 1170களின் கடைசியில் இலத்தீனில் ஒரு கையேடு எழுதத் தொடங்கினார். மாணவன் கேட்க, ஆசான் பதில் சொல்லும் நடை. அதில் மேசையின் அளவே இருக்கிறது: சுமார் பத்தடி நீளம், ஐந்தடி அகலம், வைத்தது கீழே விழாதபடி சுற்றிலும் நான்கு விரல் உயரத்துக்கு விளிம்பு. மேலே ஒரு கறுப்புத் துணி. அதில் ஓரடியோ ஒரு சாணோ இடைவெளி விட்டுக் கோடுகள். அந்தத் துணியை ஈஸ்டர் பருவத்தில் வாங்க வேண்டும் என்பது உட்பட எழுதி வைத்திருக்கிறார் மனிதர்.

ஒவ்வொரு பகுதியின் வரி வசூலுக்கும் பொறுப்பான ஷெரிஃப் வருடத்துக்கு இரண்டு தடவை அந்த மேசைக்கு வந்து கணக்குக் காட்ட வேண்டும். கோடுகளுக்கு நடுவில் உள்ள பத்திகளில் வலக்கோடியில் பென்னி, அடுத்தது ஷில்லிங், அடுத்தது பவுண்டு, பிறகு இருபது பவுண்டு, நூறு, ஆயிரம். பன்னிரண்டு பென்னி சேர்ந்தால் ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் சேர்ந்தால் ஒரு பவுண்டு என்பதால் வில்லைகளைப் பத்திக்குப் பத்தி மாற்றி நகர்த்திக்கொண்டே போவார்கள். ஷெரிஃப் கட்ட வேண்டியது ஒரு வரிசை, கட்டியது கீழே இன்னொரு வரிசை. கழித்துப் பார்த்தால் பாக்கி. அப்போது அங்கே எண்களை ரோமன் எழுத்தில் எழுதினார்கள். அதை வைத்துக்கொண்டு தாளில் கூட்டுவதும் கழிப்பதும் பெரும்பாடு. துணி மேல் வில்லையை நகர்த்தினால் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் கணக்குக் கண்ணெதிரே நடக்கும். மாணவன் அந்தக் கையேட்டில் நம் கேள்வியையே கேட்கிறான்: ஏன் இதற்கு இந்தப் பெயர்? சதுரங்கப் பலகை மாதிரி இருப்பதால் என்கிறார் ஆசான். அதோடு விடாமல் இன்னொன்றும் சேர்க்கிறார்: அங்கே இரண்டு ராஜாக்களுக்கு நடுவில் சண்டை, இங்கே பொருளாளருக்கும் ஷெரிஃபுக்கும் நடுவில் சண்டை. வரி ஆபீசுக்குப் போய் வந்தவர்களுக்கு இது புரியும்.

கட்டிய பணத்துக்கு ரசீதாக அவர்கள் கொடுத்தது குச்சி. அதன் வெட்டுகளின் அளவையும் அதே கையேடு சொல்கிறது: ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை அகலம், நூறுக்குக் கட்டைவிரல் அகலம், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்குப் பருத்த வாற்கோதுமை மணி அளவு. வெட்டிய பிறகு குச்சியை நீளவாக்கில் பிளந்து ஆளுக்கொரு பாதி. பிறகு ஒரு நாள் இரண்டையும் ஒட்டிப் பார்த்தால் வெட்டுகள் ஒத்துப்போக வேண்டும். யாராவது தன் பாதியில் கூடுதலாக ஒரு வெட்டுப் போட்டிருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்வார். இந்தப் பழைய குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று வெஸ்ட்மின்ஸ்டரில் அடுப்பில் போட்டு எரித்தபோதுதான் தீ பரவிப் பழைய நாடாளுமன்றக் கட்டடமே எரிந்துபோனது. பாதியை வைத்துப் பாதியைச் சரிபார்க்கும் இந்த யோசனையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

செக்டு சட்டையும் பலகைக் கிளையைச் சேர்ந்ததுதான். பலகை போலக் கட்டம் கட்டமாக இருப்பது 'செக்கர்டு', அது சுருங்கி 'செக்'. துணியைக் குறித்த இந்தப் பொருள் 1400 வாக்கிலேயே ஆங்கிலத்தில் வந்துவிட்டது. நம் ஜவுளிக் கடைகளில் கட்டம், கொட்டடி, பாலும் பழமும் கட்டம் என்று தனிப்பெயர்கள் இருந்தாலும், வெளியூர் வியாபாரத்தில் 'மெட்ராஸ் செக்ஸ்' என்றே பெயர் நின்றது. மெட்ராஸ் கைக்குட்டைத் துணி என்று மேற்கு ஆப்பிரிக்காவுக்கு நெடுங்காலம் போன கட்டத்துணியை நைஜீரியாவின் கலபரி மக்கள் 'இஞ்சிரி' என்கிறார்கள். அதில் குறிப்பிட்ட இழைகளை மட்டும் வெட்டி உருவியெடுத்துத் தங்களுக்கென்று புது வடிவமே உண்டாக்கிக்கொண்டார்கள். ஏற்ற இறக்கமான வாழ்க்கையை ஆங்கிலத்தில் 'செக்கர்டு' என்பதும் இந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டத்தை வைத்துத்தான். இந்தக் கிளையில் இதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

இப்போது ராஜாவின் கிளை. செக் வைத்ததும் என்ன நடக்கிறது? எதிராளி நினைத்திருந்த நகர்த்தலைச் செய்ய முடியாது. எல்லாவற்றையும் போட்டுவிட்டு முதலில் ராஜாவைக் காப்பாற்ற வேண்டும். ஆகவே 'செக்' என்றால் ஆட்டத்துக்கு வெளியேயும் திடீர்த் தடை, முட்டுக்கட்டை என்று பொருள் விரிந்தது. பிறகு தடுப்பது, அடக்கி வைப்பது. இந்தப் பொருள் நம் ஊர்த் தொழில்களில் அப்படியே உயிரோடு இருக்கிறது. பொதுப்பணித் துறையில் 'செக் டேம்' என்பார்கள். தண்ணீரைச் சோதித்துப் பார்க்கும் அணை என்று அதற்கு யாரும் பொருள் கொள்வதில்லை. ஓடுகிற நீரை மட்டுப்படுத்தும் தடுப்பணை. மெக்கானிக் கடையில் 'செக் நட்' போடுவது முதல் நட்டு தளராமல் பிடித்து நிறுத்த. பம்பு செட்டில் உள்ள 'செக் வால்வ்' மேலே ஏறிய தண்ணீரைத் திரும்பி இறங்காமல் தடுக்கிறது. மூன்றிலும் சரிபார்க்கும் வேலையே கிடையாது.

சரிபார்த்தல் என்ற பொருள், நாம் இன்று அதிகம் புழங்குவது, ரொம்பப் பிந்தி வந்தது. பதினேழாம் நூற்றாண்டில்தான் தலைகாட்டுகிறது. பாதை எப்படி என்றால், ஒருவர் இஷ்டத்துக்குச் செய்யாமல் தடுக்க வேண்டுமானால் அவருடைய கணக்கை இன்னொரு கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒப்பிடுவதே தடை. தடுப்பதற்கான வழிக்கு இருந்த பெயர், ஒப்பிடும் வேலைக்கே ஆகிவிட்டது. நம் செக்போஸ்ட்டில் இந்த இரண்டு பொருளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்க்கலாம்: குறுக்குக் கம்பு வண்டியை நிறுத்துகிறது, போலீஸ்காரர் ஆர்.சி. புக்கைப் பார்க்கிறார். எது செக் என்று கேட்டால் இரண்டுமே.

பேங்க் செக் இந்த ஒப்பிடும் பொருளிலிருந்து பிறந்தது. இதுதான் உங்கள் கேள்வியின் நடுப்பகுதி என்பதால் நிதானமாகச் சொல்கிறேன். லண்டனில் பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் பொற்கொல்லர்கள் வங்கி மாதிரி வேலை பார்த்தார்கள். அவர்களிடம் பணம் வைத்திருந்தவர், 'இன்னாருக்கு இவ்வளவு கொடுக்கவும்' என்று சீட்டு எழுதி அனுப்புவார். இன்றைய செக் செய்யும் வேலையை அன்றே செய்த தாள் அது. ஆனால் அதற்கு அப்போது 'செக்' என்று பெயர் இல்லை, 'டிரான் நோட்' என்றார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இந்தச் சொல் பணத்தாளோடு சேர்ந்து வருகிறது, அதுவும் தாளைக் குறிக்கவில்லை. தாளைக் கிழித்த பிறகு புத்தகத்தில் தங்கும் அடிக்கட்டையைத்தான் 'செக்' என்றார்கள். கருவூலம் வெளியிட்ட பத்திரங்களைப் பற்றிய 1706ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்தப் பொருளைக் காணலாம். தாளுக்கும் அடிக்கட்டைக்கும் நடுவில் பின்னலான கொடி வேலைப்பாடு அச்சிட்டு, அதன் குறுக்கே வெட்டிக் கொடுப்பார்கள். பணம் கேட்டுத் தாள் திரும்பி வரும்போது அடிக்கட்டையோடு சேர்த்து வைத்துப் பார்ப்பார்கள். கொடிகள் இழை பிசகாமல் சேர்ந்தால் அசல். குச்சியைப் பிளந்து ஆளுக்குப் பாதி கொடுத்த அதே யோசனை, மரத்திலிருந்து தாளுக்கு வந்திருக்கிறது. பாங்க் ஆஃப் இங்கிலாந்து 1717இல் இதற்கென்றே அச்சிட்ட படிவங்களைக் கொடுக்கத் தொடங்கியது. வாடிக்கையாளர் நேரில் வந்து காசாளரிடம் எண் போட்ட படிவத்தை வாங்கிப் போக வேண்டும். கொஞ்ச காலத்தில் அடிக்கட்டையின் பெயர் தாளுக்கே ஏறிவிட்டது.

இதிலிருந்து ஒன்று தெளிவாகும். கருவூலத்தின் கட்டம் போட்ட மேசையிலிருந்து நேராகப் பேங்க் செக் பிறந்தது என்று பலர் சொல்வது நல்ல கதை, ஆனால் சரியில்லை. மேசை பலகைக் கிளை, செக் ராஜா கிளை. இரண்டும் பிந்தைய காலத்தில் சந்தித்தது ஸ்பெல்லிங்கில் மட்டும்தான். நூறு வருடத்துக்கு மேல் பேங்க் செக்கையும் கடைசியில் 'சி-கே' போட்டு, check என்றுதான் எழுதினார்கள். 1820களில் ஜேம்ஸ் வில்லியம் கில்பர்ட் என்ற வங்கியாளர் வங்கித் தொழில் பற்றிய தன் நூலில், பெரும்பாலோர் அப்படித்தான் எழுதுகிறார்கள், நான் 'கியூ-யூ-ஈ' போட்டு cheque என்று எழுதுகிறேன் என்று காரணமும் சொல்கிறார். குழப்பம் வராது, தவிர, எக்ஸ்செக்கர் என்பதோடு ஒத்துப்போகிறது. வேடிக்கை என்னவென்றால், அந்த எக்ஸ்செக்கரில் உள்ள 'எக்ஸ்' எழுத்தே தப்பாக வந்து ஒட்டியது. பழைய பிரெஞ்சின் 'எஸ்', நாம் மேலே பார்த்த இஸ்கூல் வகை ஒட்டு, அதை இலத்தீன் முன்னொட்டு 'எக்ஸ்' என்று நினைத்துத் திருத்திவிட்டார்கள். தவறாகத் திருத்திய ஒரு சொல்லைப் பார்த்து இன்னொரு சொல்லையும் திருத்தியதுதான் நம் செக் புத்தகத்தில் இருக்கும் ஸ்பெல்லிங். அமெரிக்காவில் இந்தத் திருத்தத்தை ஏற்கவில்லை, அவர்கள் பழைய எழுத்தையே வைத்துக்கொண்டார்கள்.

இப்போது அரபி 'சக்'. அதில் உண்மையான பாதி எது என்றால், சக் என்ற பத்திரம் இருந்தது. அரபு வணிகர்கள் கடனையும் பணம் கொடுக்க வேண்டிய பொறுப்பையும் எழுதிக் கொடுத்த தாள் அது. பத்தாம் நூற்றாண்டுப் பயணி இப்னு ஹவ்கல், சகாராவின் தென் விளிம்பில் இருந்த அவ்தகஸ்த் நகரில் 42,000 தீனாருக்கு எழுதிய ஒரு சக்கைத் தானே பார்த்ததாகக் குறித்திருக்கிறார். ஐரோப்பியர்களுக்கு முன்பே இப்படிப்பட்ட பத்திரங்கள் அங்கே புழங்கின என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நம்மிடமும் அதே மாதிரி உண்டியல் இருந்தது. கோயில் உண்டியலைச் சொல்லவில்லை. ஓர் ஊரில் பணத்தைக் கட்டிச் சீட்டு வாங்கி இன்னோர் ஊரில் பணமாக்கும் உண்டியல்.

பொருள் இருந்தது என்பதால் பெயரும் அங்கிருந்து வந்தது என்று ஆகாது. வந்திருந்தால் பொருளோடு கூடவே வந்திருக்க வேண்டும். லண்டன் பொற்கொல்லர்களின் சீட்டுக்கு முதலிலேயே அந்தப் பெயர் இருந்திருக்கும். அங்கே 'டிரான் நோட்' தான் இருக்கிறது. அரபிச் சொல் ஆங்கிலத்துக்கு வர நடுவில் இத்தாலியோ ஸ்பெயினோ பிரான்சோ இருந்தாக வேண்டும். மத்தியதரைக் கடல் வணிகம் முழுக்க அவர்கள் வழியாகத்தான் நடந்தது. பிரெஞ்சில் உள்ள 'ஷெக்' பிற்காலத்தில் ஆங்கிலத்திலிருந்து போனது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆங்கிலத்தில் சொல்லின் முதல் பொருள் அடிக்கட்டை. சக் என்பதற்கு அந்தப் பொருளே கிடையாது. இன்று அரபு நாட்டில் பேங்க் செக்கைப் பேச்சில் 'ஷீக்' என்பார்கள், அது ஐரோப்பாவிலிருந்து திரும்பிப் போன சொல். சக்கின் ஒலிப்பு ஏதாவது ஒரு கட்டத்தில் சொல்லுக்குப் பக்கபலமாக இருந்திருக்கலாம் என்று சில வணிக வரலாற்று ஆசிரியர்கள் நினைக்கிறார்கள். அதை முழுவதுமாக மறுக்க என் அரபி அறிவு போதாது. ஆனால் ஒலி ஒத்துப்போவதை மட்டும் ஆதாரம் என்று எடுத்துக்கொண்டால், எண்ணெய் ஆட்டும் செக்குக்கு மலையாளத்தில் 'சக்கு' என்று பெயர். அங்கிருந்தும் கதை கட்டலாம்.

சில உதிரிகள். அமெரிக்க ஹோட்டலில் சாப்பிட்டு முடித்து 'செக்' கேட்டால் பில் வரும். அதுவும் சீட்டு, வில்லை என்ற அடிக்கட்டைப் பொருளின் தொடர்ச்சி. மழையால் பேஸ்பால் ஆட்டம் நின்றால் அடுத்த ஆட்டத்துக்கு வரலாம் என்று 1880களில் கொடுத்த சீட்டுதான் 'ரெயின் செக்'. இப்போது ஒருவர் அழைப்பைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவதற்கும் அதையே சொல்கிறார்கள். பிரிட்டிஷ் பிரதமரின் கிராமத்து மாளிகையின் பெயர் 'செக்கர்ஸ்'. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அந்த நிலம் கருவூல அதிகாரி ஒருவரிடம் இருந்ததால் வந்த பெயர் என்பது வழக்கமான விளக்கம். அதே பெயருள்ள ஒரு மரத்தால் வந்தது என்ற விளக்கமும் உண்டு. முதலாவதன் பக்கம் சாய்வேன், ஆனால் பந்தயம் கட்ட மாட்டேன். செக் குடியரசுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, அது அந்த மக்கள் தங்களை அழைத்துக்கொள்ளும் பெயர்.

கடிதத்தில் எதை எழுதுவது என்று கேட்டீர்களே: இந்தியாவில் பணத்தாள் என்றால் 'கியூ-யூ-ஈ' போட்டே எழுதுங்கள். 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 6ஆவது பிரிவு செக் என்றால் என்ன என்று விளக்குவது அந்த எழுத்தில்தான். செக் பணமில்லாமல் திரும்பினால் வரும் 138ஆவது பிரிவு நோட்டீஸும் அதே எழுத்தில்தான் வரும். அமெரிக்க நிறுவனத்துக்கு எழுதினால் மட்டும் 'சி-கே'. தமிழில் எழுதுவதானால் காசோலை என்று போட்டுவிடுங்கள், இந்தத் தொல்லையே கிடையாது.